வாயால் சொன்னது

அலுமாரிக் கண்ணாடியில் மூச்சுப் படிந்திருந்தது.

ஐப்பசி மழையில் அம்பிட்டியப் பக்கத்து வீடுகளில் கண்ணாடி என்று இருக்கிற எல்லாவற்றிலும் ஈரம் ஏறும். திரேசாவுக்கு அது புதிதல்ல. இந்த மேட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து நான்கு வருடமாகிவிட்டது. ஆனால் மழை ஈரம் கண்ணாடி முழுவதிலும் பரவலாகப் படியும். இது அப்படியில்லை. சோசர் அளவுக்கு ஒரு வட்டம். அவளுடைய முகத்துக்கு நாலு விரல் மேலே, அவளைவிட உயரமான யாரோ கிட்ட வந்து நின்று வாயைத் திறந்து ஊதியதைப் போல. அவள் ஹவுஸ்கோட்டின் கையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் அவளுடைய நெற்றி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த நெற்றி வெளிறி, மங்கி, மறைந்துபோனது.

தன் மூச்சுத்தான் என்று நினைத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு நின்றாள். வட்டம் சுருங்கியது. பிறகு விரிந்தது. மறுபடி சுருங்கியது.

"அங்கம்மா," என்று கூப்பிட்டாள்.

வாரத்துக்கு மூன்று நாள் வந்து வீட்டைக் கூட்டித் துடைத்துக் கொடுக்கும் அங்கம்மா, கையில் ஈரத்துணியோடு வாசலில் வந்து நின்றாள். பகல் இரண்டு மணி. வெளியே ஹந்தானை மலை இருந்த இடத்தில் வெறும் மூட்டம்தான் இருந்தது.

"காலையிலேருந்து நானும் தொடைச்சுக்கிட்டுதான்க்கா இருக்கேன். தொடைக்கத் தொடைக்க வருது. உள்பக்கமா படிஞ்சிருக்கு போல."

"எதுக்கு உள்பக்கம்? அலுமாரிக்கா?"

"இல்லக்கா. கண்ணாடிக்கு."

உள்பக்கமாக மூச்சுப் படிந்த ஒரு கண்ணாடியைத் திரேசா மூன்று வாரத்துக்கு முன்னர்தான் பார்த்திருந்தாள். அதற்குள்ளே ஒரு முகம் இருந்தது.

*

புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, கண்டியில் படித்து, விமானப் பணிப்பெண்ணாகி, பதினாறு வருடத்தில் பின்பக்கக் கபினுக்குப் பொறுப்பாளராக உயர்ந்தவள் திரேசா. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு பாதுகாப்புப் பொருள்களைத் தொட்டுப் பார்த்துச் சரி போடுவது அவளுடைய வேலை. பழுதென்றால் அதற்கென்று ஒரு புத்தகம் இருந்தது. எழுதினால் பழுதைத் திருத்தும்வரை விமானம் தரையைவிட்டுக் கிளம்ப முடியாது. அதனால் யாரும் எழுதுவதில்லை. வெளிச்சம் வராத டோர்ச், பூட்டுப் பிடிக்காத பெல்ட், ஆசனத்துக்கு அடியில் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டிய பையில் வெறும் காற்று, எல்லாம் வாயால் சொல்லப்பட்டன. காதால் கேட்டுக்கொள்ளப்பட்டன. விமானங்கள் நேரத்துக்குக் கிளம்பின.

விமானத்தின் பின் சமையலறைச் சுவரில் இரண்டு ஸ்மோக் ஹூட்கள் இருந்தன. தீப்பிடித்தால் பணியாளர்கள் தலையோடு போட்டுக்கொண்டு புகைக்குள் போவதற்கானவை. முன்னால் தெளிந்த பிளாஸ்டிக், கழுத்தை இறுக்கிப் பிடிக்கிற ரப்பர், ஒரு நாடா. நாடாவை இழுத்தால் ஸ்ஸ் என்ற சத்தத்தோடு உள்ளே ஒட்சிசன் வரும், கால் மணி நேரத்துக்கு. அதில் இடப்பக்கத்து ஹூட்டின் உறை ஓரத்தில் பிரிந்திருந்ததை அவள் ஒரு திங்கட்கிழமை பார்த்தாள். காற்றும் ஈரமும் புகுந்த ஹூட் வேலை செய்யாது. புத்தகத்தைக் கையில் எடுத்தாள். கபின் பிரிவுக்குப் பொறுப்பான மகேந்திரராசா பக்கத்தில் நின்றார். "எழுதாதையும் பிள்ளை. பிறகு இண்டைக்கு முழுக்க இங்கதான். நீர் சொல்லிப்போட்டீர்தானே, நான் மாத்துவிக்கிறன்," என்றார். அவள் பேனாவை மூடினாள்.

அதே வாரம் சனிக்கிழமை, வளைகுடாவிலிருந்து திரும்பி வரும் வழியில், கடலுக்கு மேலே, அந்தச் சமையலறைக்குள்ளேயே தீப்பிடித்தது. தீ அணைந்தது. இருநூறுக்கு மேற்பட்ட பயணிகளில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பத்திரிகையில் திரேசாவின் படம் வந்தது. அவளோடு புகைக்குள் போன சகீனா மட்டும், வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமான பெண், ஹூட் போட்டபடியே தரையில் கிடந்தாள். அந்தப் பிளாஸ்டிக் முழுவதும் உள்பக்கமாக வெள்ளை படிந்திருந்தது.

நாடாவை இழுக்க மறந்துவிட்டாள் என்று அறிக்கை வந்தது. பதற்றத்தில் நடந்த பிழை. புறப்படும்போது கருவி சரியாகவே இருந்தது என்று திரேசா எழுதிக் கையெழுத்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை விசாரணை. அதுவரைக்கும் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

*

புதன்கிழமை காலையில் வட்டம் அலுமாரியில் இல்லை. சாப்பாட்டு அறையில் தொங்கிய திருஇருதயப் படத்தின் கண்ணாடியில் இருந்தது.

அவள் அதைத் துடைக்கவில்லை. பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்து, பக்கத்துச் செமினரிக் கோயில் மணி அடித்து ஓய்கிற வரைக்கும், எதிர்வீட்டுத் தகரத்தில் மழை விழுந்து வழிகிற சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருந்தது. முதலில் குசினி அடுப்பில் கேத்தல் ஆறுகிற சத்தம் என்று நினைத்தாள். பிறகு கூரைக்குள் மரநாய் என்று நினைத்தாள். மெல்லிய பிளாஸ்டிக் பையொன்று உள்ளிழுபட்டு ஒட்டி, பிறகு மெதுவாக உப்பி, பிறகு ஒட்டுகிற சரசரப்பு அது. அதோடு ஒரு மணமும் வந்தது. உருகிய பிளாஸ்டிக்கும் புதிய ரப்பரில் பூசுகிற மாவும் கலந்த மணம். ஜன்னலைத் திறந்தாள். மூட்டம் உள்ளே வந்தது. மணம் வெளியே போகவில்லை.

ரெலிபோன் அடித்தது. மகேந்திரராசா.

"திரேசா, வெள்ளிக்கிழமை நீர் புதுசா ஒண்டும் சொல்ல வேண்டாம். எழுதித் தந்ததையே சொன்னால் காணும்."

"சேர், அந்த ஹூட்டப் பத்தி நான் உங்ககிட்ட அன்னைக்கே—"

"புத்தகத்தில இருக்கோ?"

"இல்ல சேர். நீங்கதான எழுத வேணாம்னு சொன்னீங்க."

"புத்தகத்தில இல்லாதது நடக்கேல்ல, பிள்ளை." அவருடைய குரல் கனிவாகவே இருந்தது. "ஓம், இன்னொண்டு. அந்தப் பிள்ளையின்ர தாய் உம்மட விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு போனவ. நாளைக்கு வருவா போல. கவனமாக் கதையும்."

"சரி சேர்."

அவர் உடனே வைக்கவில்லை. "ஆர் உமக்குப் பக்கத்தில?"

"யாருமில்லையே."

"மூச்சு வாங்கிற சத்தம் கேக்குது. ஆரோ நல்லாக் கஷ்டப்படினம்." அவசரமாக ரிசீவரை வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் வீட்டிலிருந்த கண்ணாடியையெல்லாம் அவள் மூடினாள். அலுமாரிக்குப் போர்வை, படத்துக்குத் துவாய், ரெலிவிஷனுக்கு மேசைச்சீலை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தாள், ஏனென்றால் அதன் சின்னக் கண்ணாடிக்குள்ளும் வெள்ளை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மூடி முடித்து அறையின் நடுவில் நின்றபோது போர்வை அசைவதைக் கண்டாள். உள்ளே இழுபட்டது. கண்ணாடியோடு ஒட்டியது. ஒட்டின இடத்தில் ஒரு மூக்கும் திறந்த வாயும் துணியில் பதிந்தன. பிறகு உப்பியது.

புதன்கிழமை அங்கம்மா வருகிற நாளில்லை. ஆனாலும் ஆறு மணிக்கு வந்தாள். உள்ளே வராமல் கேற்றுக்கு வெளியிலேயே குடையோடு நின்றாள்.

"அக்கா, நான் இனிமே வரல. கோவிச்சுக்காதீங்க."

"ஏன் அங்கம்மா?"

"நேத்து நீங்க குசினிக்கும் ரூமுக்குமா நடந்தீங்கல்ல. ஒங்க பின்னாலயே ஒரு சத்தம் நடந்துச்சு. நீங்க நின்னா அதுவும் நின்னுச்சு." திரேசாவின் முகத்தைப் பார்க்காமல், அவளுடைய தோளுக்கு மேலே பார்த்துச் சொன்னாள். "இப்பயும் நிக்குது. இந்த வீட்ட விட்டுட்டு எங்க அண்ணன் வீட்டுக்காவது போங்கன்னு சொல்லலாம்னு வந்தேன். ஆனா வீட்டுல இல்லக்கா அது. ஒங்ககிட்டதான் இருக்கு."

*

வியாழக்கிழமை நாலு மணிக்குச் சகீனாவின் தாய் ஹவ்வா உம்மா வந்தார்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து த்ரீவீலில் மேடேறியிருந்தார். அறுபது வயதிருக்கும். சேலைத் தலைப்பால் தலையை மூடி, தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, திரேசா காட்டிய கதிரையில் நுனியில் உட்கார்ந்தார். எதிரே திரேசா. நடுவில் சாப்பாட்டு மேசை. மூடிக் கிடந்த படத்தையும் ரெலிவிஷனையும் பார்த்துவிட்டு, ஏதோ துக்கம் காக்கிறாள் என்று எண்ணிக்கொண்டவர்போல் தலையாட்டினார்.

"மகள் ஒங்களப் பத்தி நல்லாச் செல்லுவா. திரேசா அக்கா பக்கத்துல ஈந்தா பயமில்ல உம்மாண்டு."

திரேசா கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சண்டை பிடிக்க வரல்ல மகள். ஒபீஸ்ல செல்றாங்க, எங்கட புள்ள பதறிப் போயிட்டாவாம். நாடாவ இழுக்க மறந்துட்டாவாம். ஊருல அதையே வேற மாதிரிச் செல்றாங்க. வேலை தெரியாம செத்தாண்டு. அவ ராத்திரி பகலா அதையெல்லாம் சத்தம் போட்டுப் பாடமாக்கினவ. நான் கேட்டுக்கொண்டு ஈந்தன். அவ மறப்பாவா?" மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "நீங்கதானே பக்கத்துல ஈந்தீங்க. எனக்கு ஒரே ஒரு விசயம் செல்லுங்க. என்ட மகள் பிழை செஞ்சாவா?"

வெளியே மழை நின்றிருந்தது. மூட்டம் ஜன்னல்வரை வந்து, உள்ளே வர இடம் பார்ப்பதுபோல் கம்பிகளில் தங்கி நின்றது. அறைக்குள் அந்தப் பிளாஸ்டிக் சரசரப்பு ஓய்ந்துவிட்டது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நிற்பதுபோல் அப்படியோர் அமைதி.

திரேசா அந்தச் சனிக்கிழமையை நினைத்தாள். இத்தனை நாளும் அந்த ஒரு கணத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் மற்றதையெல்லாம் நினைத்திருந்தாள். இப்போது அது தானாக வந்தது. கறுத்த புகை சமையலறைத் திரைக்கு வெளியே சுருண்டு வருகிறது. சகீனா "அக்கா, நானும் வாறன்" என்கிறாள். சுவரில் இரண்டு ஹூட்கள். இடது, வலது. மாற்றியிருப்பார்கள், கட்டாயம் மாற்றியிருப்பார்கள் என்று மனம் சொல்கிறது. கை வலது பக்கத்துக்குப் போகிறது. வலதை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். இடதை எடுத்துச் சகீனாவிடம் கொடுக்கிறாள்.

சகீனா நாடாவை இழுத்தாள். முழுவதும் இழுத்திருந்தாள். தரையில் கிடந்தபோது அது அவளுடைய கையில் சுற்றிக் கிடந்தது. மற்றவர்கள் வருவதற்கு முன்னர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நாடாவைச் சுருட்டி உள்ளே தள்ளியவள் திரேசாதான்.

"ஆமா உம்மா," என்றாள். "பயந்துட்டா. நாடாவ இழுக்கல."

ஹவ்வா உம்மா அழவில்லை. "சரி மகள்," என்றார். "புள்ளதானே. பயந்திருப்பா. உண்மையச் செல்லிட்டீங்க, ஒங்களுக்கு அல்லாஹ் நல்லதைத் தருவான். அவன் ஒங்களையாவது திருப்பித் தந்தானே."

அப்போது அவருடைய மூக்குக்கண்ணாடியில் வெள்ளை படிந்தது.

முதலில் வலது கண்ணாடி. பிறகு இடது. ஹவ்வா உம்மா அதைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டார். உடனே மறுபடியும் படிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம், அவருடைய முகத்துக்கு மிகக் கிட்டக் குனிந்து யாரோ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு முட்டமுட்ட, தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி கழற்றித் துடைத்தார். "என்ன குளிர் மகள் ஒங்கட வீட்டுல," என்று சிரித்தார்.

மூன்றாவது தடவை படியவில்லை.

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு, மேசை விளிம்பை உரசிக்கொண்டு, சரசரப்பு நடந்து வந்தது. திரேசாவின் கதிரைக்குப் பின்னால் நின்றது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. உம்மா எழுந்து போகிறதுக்குள்.

"உம்மா," என்றாள் திரேசா. "நான் பொய் சொன்னேன். அவ பிழை செய்யல. அந்த ஹூட் பழுது. எனக்கு முதல்லயே தெரியும்."

ஹவ்வா உம்மா தலையைச் சாய்த்தார். "என்ன மகள்? கேக்கல்ல."

"ஹூட் பழுது உம்மா! நான்தான் எழுதல! நல்லத நான் எடுத்துக்கிட்டு—"

"வாய் அசையுது. சத்தம் வரல்லயே."

திரேசா கத்தினாள். கத்தியது அவளுடைய காதுக்கே திரும்பி வந்தது, வெகு கிட்ட, ஒரு பைக்குள் கத்தியதைப் போல. சொன்ன சொற்கள் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் எதிலோ பட்டு, அங்கேயே ஈரமாகப் படிந்தன. சோசர் அளவுக்கு ஒரு வட்டம். அவள் கையை உயர்த்தினாள். விரல்கள் எதையும் தொடவில்லை. வட்டம் பெரிதானது.

பின்னால் இருந்து இரண்டு கைகள் வந்தன.

குளிர்ந்த, அவசரப்படாத கைகள். கழுத்தோரம் தொங்கிய அவளுடைய முடியை ஒவ்வொரு இழையாகச் சேர்த்தெடுத்து உள்ளே தள்ளின, நன்றாகப் பாடமாக்கிய ஒருத்தி செய்வதுபோல, வெளியே ஒரு முடிகூட மிஞ்சாமல். பிறகு ரப்பர். கழுத்தைச் சுற்றி. தாடைக்குக் கீழே. ஒருமுறை தடவிச் சரிபார்த்தன.

நாடா இழுபட்டது. முழுவதும்.

சத்தம் வரவில்லை.

உள்ளே இழுத்தாள். பிளாஸ்டிக் உதட்டில் ஒட்டியது. விட்டாள். சூடு. இழுத்தாள். அதே சூடு. அதே மூச்சு.

"பழுது," என்றாள். "நான்தான்," என்றாள்.

வெள்ளை.

வெள்ளைக்கு அப்பால், மங்கலாக, ஹவ்வா உம்மா முன்னால் நகர்ந்து உட்காருவது தெரிந்தது. தலைச்சேலையைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார்.

"செல்லுங்க மகள்," என்றார், மெதுவாக, பொறுமையாக. "நான் கேட்டுக்கொண்டுதானே ஈக்கன்."